மாத அறிக்கையில் எல்லாம் சரியாக இருக்கிறது, வெளியேறும் நீர் ஏன் கலங்கலாக இருக்கிறது?

ஜூன் 3, மாலை – ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் பகுதியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் மாதந்தோறும் வெளியிடும் அறிக்கையில் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, நீரின் மாசைக் காட்டும் எண்) ஒருமுறைகூட வரம்பைத் தாண்டியதில்லை. ஆனால் நிலையத்திலிருந்து நீர் வெளியேறும் வாய்க்காலில் அடிக்கடி கலங்கல் வருகிறது, பழுப்பு நிறத் துகள்கள் மிதக்கின்றன, சில நாட்களில் நுரையும் வருகிறது. ஆய்வகம் பொய் சொல்கிறதா, அல்லது அந்த அளவுகோலே தவறானதா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கவும்.

ஜூன் 3, இரவு

ஆய்வகம் பொய் சொல்லாமலும் அளவுகோல் தவறாக இல்லாமலும்கூட நீங்கள் சொல்வது நடக்கும். ஆய்வக மேசையிலும் தொட்டிக்கரையிலும் மாறி மாறி வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாத அறிக்கையில் அச்சாகும் எண், ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குப்பியில் பிடிக்கப்பட்ட நீரைப் பற்றியது. வாய்க்காலில் நீங்கள் பார்ப்பது வேறொரு நேரத்து நீர். இரண்டும் ஒன்றுதான் என்று கொள்வதற்கு முன்னால், அந்த மாதிரி எப்போது, எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும்.

பி.ஓ.டி. சோதனையில் நீரிலுள்ள அழுக்கை யாரும் எடைபோடுவதில்லை. அந்த அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஐந்து நாட்களில் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன என்றுதான் பார்க்கிறோம். 300 மி.லி. கண்ணாடிக் குப்பியில் மாதிரியை நீர்த்து ஊற்றி, காற்றுக்குமிழி நிற்காதபடி மூடி, 20 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைத்து, தொடக்கத்திலும் ஐந்து நாள் கழித்தும் கரைந்த ஆக்சிஜனை அளந்து வித்தியாசத்தைக் கணக்கிடுவோம். திங்கட்கிழமை வைத்த குப்பியின் விடை சனிக்கிழமைதான் கிடைக்கும். அந்த விடை வரம்பைத் தாண்டியிருந்தாலும், அதற்குரிய நீர் என்றோ ஆற்றோடு போயிருக்கும். சட்டம் பார்க்கும் எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஆபரேட்டராலும் அன்றாடம் நிலையத்தை நடத்த முடியாது. அவர் பார்க்கும் அடையாளங்கள் வேறு. உங்கள் கேள்விக்கான விடையும் அந்த அடையாளங்களில்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

வரம்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் கழிவுநீர் அகற்றுதல் குறித்து 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில், லிட்டருக்கு 20 மி.கி. பி.ஓ.டி., 30 மி.கி. கரையாத துகள்கள் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. கலக்கும் ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதனுடன் சேர்ந்தே இருந்தது. பின்னாளில் பல இடங்களில் நிபந்தனை விடுபட்டு எண் மட்டும் நிலைத்துவிட்டது. வெளியேறும் நீரைத் தவிர வேறு நீரே ஓடாத ஒரு வாய்க்காலில், வரம்புக்குள் இருக்கும் நீரும் நல்ல நீராகத் தோன்றாது.

ஜூன் 4

மாதிரி எடுக்கும் நேரத்தைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்கள்.

வீடுகளிலிருந்து கழிவுநீர் ஒரே சீராக வருவதில்லை. காலையில் ஒரு பெரிய ஏற்றம், மாலையில் இன்னொன்று, நள்ளிரவுக்குப் பின் மிகக் குறைவு. வழக்கமான காற்றூட்ட நிலையம் ஒன்றில் நீர் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் இடையில் ஏறத்தாழ எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். காலையில் நுழைந்த கனத்த கழிவுநீர் பிற்பகலிலோ மாலையிலோதான் வெளியே வரும். காலை ஒன்பது மணிக்கு வெளியேறும் நீர், பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி வந்த, அழுக்கு குறைந்த நீர்.

நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில் மாதிரிக் குப்பிகளை எடுத்துப் போகும் வண்டி காலையில் வரும். அதற்கேற்ப மாதிரியும் காலையிலேயே எடுக்கப்படும். யாரும் திட்டமிட்டு அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டியின் நேரம் விதியாகிவிட்டது. மாலை ஷிப்டில் இருப்பவர்கள் மட்டும் கிளாரிஃபையரின் (துகள்களைப் படியவைத்துத் தெளிந்த நீரை வெளியேற்றும் கடைசித் தொட்டி) விளிம்பில் துகள்கள் வழிவதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வைப்பார்கள். அந்தப் பதிவேட்டையும் ஆய்வக அறிக்கையையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் வழக்கம் அங்கு இல்லை.

இதற்காகத்தான் 24 மணி நேரக் கலப்பு மாதிரி வந்தது. தானியங்கிக் கருவி குறிப்பிட்ட இடைவெளியில் சிறிது சிறிதாக நீரை உறிஞ்சிக் குளிர்ப்பெட்டியில் உள்ள கலத்தில் சேர்க்கும். நீரோட்டம் அதிகமாக உள்ளபோது அதிகமாகவும் குறைவாக உள்ளபோது குறைவாகவும் எடுத்தால்தான் அது உண்மையான கலப்பு. குறிப்பிட வேண்டிய இன்னொன்று, உறிஞ்சும் குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான படலம். மாதக்கணக்கில் குழாயை மாற்றாவிட்டால் அந்தப் படலம் பிய்ந்து கலத்தில் விழுந்து, நல்ல நீரையும் கெட்டதாகக் காட்டும். ஆகவே இந்த முறையிலும் கை சுத்தமும் கவனமும் தேவை. பி.எச்., எஞ்சிய குளோரின், கோலிஃபார்ம் கிருமி எண்ணிக்கை ஆகியவற்றைக் கலப்பு மாதிரியில் பார்க்கக் கூடாது. அவை நிற்க நிற்க மாறிவிடும். எஞ்சிய குளோரினை எடுத்த இடத்திலேயே, கால்மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும்.

ஜூன் 5

இப்போதுதான் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகள் வந்துவிட்டனவே, இந்தச் சிக்கல் தீர்ந்ததல்லவா என்று ஒருவர் கேட்கிறார். தீரவில்லை. கருவி ஐந்து நாள் காத்திருப்பதில்லை. நீர் எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்பது போன்ற அடையாளங்களைக் கொண்டு பி.ஓ.டி.யை மதிப்பிட்டுச் சொல்கிறது. மதிப்பீடு சரியாக இருக்க, அந்த நிலையத்தின் நீரையே ஆய்வகத்தில் சோதித்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணாடியில் படியும் பாசியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் நாள் முழுவதும் ஒரே எண் அசையாமல் நின்றால் என் பார்வை முதலில் கருவியின் மீது போகும். உயிருள்ள கழிவுநீர் ஒருபோதும் நேர்கோட்டில் ஓடாது.

ஜூன் 8

முதல் கேள்வியில் இருந்த பழுப்புத் துகள்களைப் பற்றி அதன்பின் யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த உரையாடலில் முக்கியமானது அதுதான்.

1914இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டர்னும் வில்லியம் லாக்கெட்டும் கண்டறிந்து அறிவித்த முறையே இன்றும் உலகின் பெரும்பாலான நிலையங்களில் நடக்கிறது. கழிவுநீரில் காற்றை ஊதி, அதில் வளரும் நுண்ணுயிர்த் திரளைப் படியவைத்து, அந்தக் கசடை வெளியே கொட்டாமல் மீண்டும் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். திருப்பிவிடுவதில்தான் அந்தக் கண்டுபிடிப்பின் உயிர் இருக்கிறது. அவ்வாறு சேர்ந்துகொண்டே போகும் கசடில் ஒரு பகுதியை நாள்தோறும் கழிக்காவிட்டால், அது கிளாரிஃபையரில் உயர்ந்து உயர்ந்து கடைசியில் விளிம்பு வழியாகத் தானே வெளியேறும். நீங்கள் வாய்க்காலில் பார்த்த பழுப்புத் துகள் பெரும்பாலும் அந்தக் கசடுதான். சுத்திகரிக்கப்படாத மலநீர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

ஆபரேட்டர் ஷிப்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை, காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துக் கண்ணாடி உருளையில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் விடுவது. நன்றாக இருக்கும் கசடு முதல் சில நிமிடங்களிலேயே மளமளவென்று திரண்டு, ஒரே தளமாகக் கீழே இறங்கும். மேலே நிற்கும் நீரின் வழியே செய்தித்தாளைப் படிக்கலாம். அரை மணியில் 250 மி.லி. கோட்டில் நின்று, தொட்டியின் திண்ம அளவு லிட்டருக்கு 2,500 மி.கி. என்றால், கசடுக் கன அளவுக் குறியீடு (முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் வருவது) 100. இது நல்ல நிலை. அது 150ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் இழை போன்ற பாக்டீரியாக்கள் பெருகிக் கசடு உப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு வகை உண்டு: அரை மணியில் அழகாகப் படிந்த கசடு, உருளையை அப்படியே விட்டுவைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கட்டியாக மேலே மிதந்து வரும். அதன் இடுக்குகளில் நுண்ணிய குமிழ்களைக் காணலாம். அவை நைட்ரஜன் குமிழ்கள். கிளாரிஃபையரின் அடியில் கசடு அதிக நேரம் கிடப்பதால், நைட்ரேட் சிதைந்து வாயுவாகிக் கசடைத் தூக்குகிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இரண்டாவதில் கசடைத் திருப்பும் பம்பின் வேகத்தைக் கூட்டினாலே பல நேரம் போதும். முதலாவதில் அதே வேகத்தைக் கூட்டினால் கிளாரிஃபையருக்குச் செல்லும் சுமை கூடி நிலைமை மோசமாகலாம்.

நுரைக்கும் வகை உண்டு. வெள்ளையாகப் பொங்கும் நுரை, கசடு இளமையாகவோ குறைவாகவோ இருப்பதைக் காட்டும். கெட்டியான பழுப்பு நுரை, எண்ணெய்க் கொழுப்பை விரும்பும் இழைப் பாக்டீரியாக்களையோ வயதான கசடையோ காட்டும். கேள்வி கேட்டவர் நுரையின் நிறத்தைக் குறிப்பிட்டால் நல்லது.

ஜூன் 9

பழுப்பு நுரை, கையில் எடுத்தால் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் நிலையத்தில் கசடு தேவைக்கு மேல் தேங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நீரைக் கையால் தொட வேண்டாம். தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

காற்றைக் கூடுதலாக ஊதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. அளவில் இருந்தால் பொதுவாகப் போதும். அதற்குக் கீழே தொடர்ந்து கிடந்தால் இழைப் பாக்டீரியாக்கள் பெருகும். அதற்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் கசடுத் திரள்கள் சிதைந்து பொடியாகும், மின்கட்டணமும் ஏறும். ஒரு நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை, காற்றை ஊதும் ப்ளோயர்களே எடுத்துக்கொள்கின்றன. செலவைக் குறைக்க இரவில் ப்ளோயரை நிறுத்தும் நிலையங்களும், அதிகாரி வரும் நாளில் எல்லாவற்றையும் ஓட்டும் நிலையங்களும் உண்டு. நுண்ணுயிர்களுக்கு இரண்டுமே கேடு.

அம்மோனியாவுக்கு வரம்பு உள்ள இடங்களில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அத்துடன், அமிலத்தைத் தாங்கும் திறனான காரத்தன்மையும் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) 7 கிராமுக்குச் சற்று மேல் கரைந்து போகும். காரத்தன்மை தீர்ந்தால் பி.எச். விழும், அந்த பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். காற்று இருந்தும் அம்மோனியா குறையவில்லை என்று தவிக்கும் ஆபரேட்டர்கள் முதலில் காரத்தன்மையைச் சோதிக்க வேண்டும்.

ஜூன் 12

இன்று சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு நிலையத்தின் அறிக்கை உண்மையா என்று வெளியிலிருந்து அறிய எனக்கு ஒரே ஒரு பதிவேட்டைத்தான் காட்டலாம் என்றால், நான் கசடு வெளியேறிய பதிவேட்டைக் கேட்பேன்.

நீக்கப்பட்ட அழுக்கு மாயமாவதில்லை. ஒரு பங்கு நுண்ணுயிர்களின் மூச்சில் கரியமில வாயுவாகப் போகிறது, மற்றொரு பங்கு புதிய நுண்ணுயிர்களின் உடலாகிறது. வழக்கமான காற்றூட்ட முறையில் ஒரு கிலோ பி.ஓ.டி.யை நீக்கினால் ஏறத்தாழ அரை கிலோ உலர்ந்த கசடு உண்டாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் நீரைச் சுத்திகரிப்பதாக ஒரு நிலையம் சொல்கிறது. உள்ளே வரும் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மி.கி., வெளியேறுவது 20 மி.கி. என்று அறிக்கை சொல்கிறது என்போம். அப்படியென்றால் தினமும் 230 கிலோ நீக்கப்படுகிறது. அதிலிருந்து 115 கிலோ உலர் கசடு வந்தாக வேண்டும். நீர் பிழிந்த கசடில் திண்மம் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே தினமும் 575 கிலோ, மாதத்துக்கு 17 டன்னுக்கு மேல் ஈரக்கசடு வண்டியேறிப் போயிருக்க வேண்டும்.

பதிவேட்டில் மாதத்துக்கு 4 டன் என்று இருந்தால் என்ன பொருள்? உள்ளே அவ்வளவு அழுக்கு வரவில்லை, அல்லது அவ்வளவு நீர் சுத்திகரிக்கப்படவில்லை, அல்லது மீதிக் கசடு யாரும் மாதிரி எடுக்காத நேரத்தில் வாய்க்காலுக்குப் போயிருக்கிறது. மூன்றில் எதுவானாலும் அறிக்கையின் ஏதோ ஓர் எண் தவறு. பி.ஓ.டி. குப்பியில் நேரம் பார்த்துப் பிடித்த நீர் நல்ல விடை கொடுத்துவிடலாம். டன் கணக்கில் கசடு ஏறிப்போனதாகப் பொய்க்கணக்கு எழுத, எடைச்சீட்டு, வண்டி, கொண்டுபோய்ச் சேர்த்த இடம் என்று எல்லாவற்றிலும் பொய் எழுத வேண்டியிருக்கும். அது கடினம்.

வரம்புக்கு உட்பட்ட எண்ணை மட்டும் கேட்டு, கசடின் கணக்கைக் கேட்காத கண்காணிப்பு பாதிக் கண்காணிப்புதான் என்பது என் உறுதியான கருத்து. கசடைக் கழிப்பது செலவு பிடிக்கும் வேலை. பிழியும் எந்திரம், கசடைத் திரளவைக்கும் பாலிமர், வண்டி, கொட்ட இடம் என்று ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். நிதி குறையும்போது முதலில் தள்ளிப்போடப்படுவதும் அதுவே. அந்தத் தாமதத்தின் முதல் விளைவு, உங்கள் வாய்க்காலில் மிதக்கும் பழுப்புத் துகள்.

ஜூன் 13

அரை கிலோ என்ற விகிதத்தை ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. அந்த எண்ணை எல்லா இடத்திலும் அப்படியே பொருத்தக் கூடாது. நீண்ட நேரம் காற்றூட்டும் நிலையங்களில் கசடு தன்னையே தின்று குறைந்துவிடும். கசடைக் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களால் சிதைக்கும் காற்றில்லாச் செரிப்பான் இருந்தால் கசடின் எரியக்கூடிய பகுதியில் பாதியளவு வாயுவாகிப் போகும். மறுபுறம், முதல்நிலைப் படிவுத் தொட்டி இருந்தால் அங்கே படியும் கசடு இந்தக் கணக்கில் சேராமல் தனியாகக் கூடும். மழையில் அடித்து வரும் மண்ணும் எடையைக் கூட்டும். கசடு உலர்த்தும் படுகைகளில் மாதக்கணக்கில் கிடந்து ஒரே தடவையில் அள்ளப்படுவதும் உண்டு. ஆகவே ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஓர் ஆண்டின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தால் எதிர்பார்த்த கசடு பாதியாகக் குறையலாம். நான்கில் ஒன்றாகக் குறைந்திருந்தால் கேள்வி கேட்பது நியாயமே.

நீரோட்ட அளவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டிய தடுப்பின் மேல் நீர் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடும் நிலையங்கள் பல. அங்கே ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஏறும். வெட்டின் முனையில் ஒரு துணிக்கிழிசல் சிக்கி நீர்மட்டம் பத்து விழுக்காடு உயர்ந்தால், அளவி 27 விழுக்காடு கூடுதலான ஓட்டத்தைக் காட்டும். தினமும் அந்த முனையைக் கையால் தடவிப் பார்க்கும் ஆபரேட்டரின் எண்ணை நான் நம்புவேன்.

ஜூன் 16

சட்டங்கள் இந்தக் குறைகளை அறியாதவை அல்ல. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு (நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்பு) விதியில், பி.ஓ.டி.க்கும் கரையாத துகள்களுக்கும் மாதச் சராசரி 30 மி.கி., வாரச் சராசரி 45 மி.கி. என்று இரண்டு வரம்புகள் உண்டு. ஏன் இரண்டு? வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதிரிகள்: 12, 14, 11, 70. சராசரி 27க்கும் கீழே, மாதவரம்பில் தேறிவிடும். அந்த 70ஐப் பிடிப்பது வாரவரம்பு. உங்கள் நிலையத்தின் அறிக்கையில் மாதச் சராசரி மட்டும் இருந்தால், ஒவ்வொரு மாதிரியின் விடையையும் கேளுங்கள்.

அதே விதியில் குறைந்தது 85 விழுக்காடு நீக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. மழைநீரும் நிலத்தடி நீரும் விரிசல் விட்ட குழாய்களில் புகுந்து உள்ளே வரும் பி.ஓ.டி.யை 120 ஆகக் குறைத்துவிட்டால், 20ல் வெளியேற்றும் நல்ல நிலையமும் 83 விழுக்காட்டில் நின்று விதியை மீறியதாகும். இது அநியாயம் என்று பல ஆபரேட்டர்கள் குறைப்படுவார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. குழாய்களின் விரிசலைச் சரிசெய்யாமல் மழைநீரையும் சேர்த்துச் சுத்திகரிப்பது பணத்தையும் தொட்டியின் கொள்ளளவையும் வீணாக்குவதாகும். பெருமழையில் கிளாரிஃபையரின் கசடை அடித்துக்கொண்டு போவதும் அந்த நீரே. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நெறிமுறை பி.ஓ.டி.க்கு லிட்டருக்கு 25 மி.கி., சி.ஓ.டி.க்கு (நுண்ணுயிருக்குப் பதில் வேதிப்பொருளைக் கொண்டு அளக்கும் ஆக்சிஜன் தேவை) 125 மி.கி. என்று வைத்தது. இந்தியாவில் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் தரும் இசைவாணையில்தான் ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய வரம்பும் சோதனை இடைவெளியும் எழுதப்பட்டிருக்கும். எந்த நாடானாலும், அந்த ஆணையை முதலில் படியுங்கள். பொதுவிதியைவிடக் கடுமையான நிபந்தனைகள் அதில் இருக்கக்கூடும்.

ஜூன் 17

முதல் நாள் நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பொய் சொல்லாத ஆய்வகமும் குறைந்த எண்ணைத் தர முடியும்.

வெளியேறும் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். குளோரின் எஞ்சிய நீரை அப்படியே பி.ஓ.டி. குப்பியில் ஊற்றினால், ஆக்சிஜனைச் செலவழிக்க வேண்டிய நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும். ஐந்து நாள் கழித்து ஆக்சிஜன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நீர் மிகச் சுத்தம் என்று எண் சொல்லும். அதனால் சோடியம் சல்ஃபைட்டால் குளோரினை நீக்கி, புதிதாக நுண்ணுயிர் விதையைச் சேர்த்த பிறகே குப்பியை மூட வேண்டும் என்று சோதனைமுறை கூறுகிறது. ஐந்து நாளில் லிட்டருக்குக் குறைந்தது 2 மி.கி. ஆக்சிஜன் செலவாகியிருக்க வேண்டும், முடிவில் குறைந்தது 1 மி.கி. எஞ்சியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குப்பியின் விடையை ஏற்கக் கூடாது. சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த குளுக்கோஸ், குளுட்டாமிக் அமிலக் கரைசலை அதே தொகுதியில் வைத்துச் சோதித்தால் 198 மி.கி.க்கு முப்பது கூடவோ குறையவோ வர வேண்டும். இவை எல்லாம் ஆய்வகத்தின் மேசைத்தாளில் இருக்கும், மாத அறிக்கையில் இருக்காது. நல்ல ஆய்வகம் அந்தத் தாளைக் காட்டத் தயங்காது.

குளோரின் எஞ்சிய நீர் மீன்களுக்கும் நஞ்சு. மிகச் சிறிய அளவே போதும். அதனால்தான் வெளியேற்றும் முன் குளோரினை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல ஆணைகளில் காணப்படுகிறது.

ஜூன் 20

நிலையத்துக்கு வராமலே போகும் நீரைப் பற்றி இங்கே இதுவரை யாரும் பேசவில்லை. அடைப்பு ஏற்பட்டு மேன்ஹோல் வழியாகத் தெருவிலோ ஓடையிலோ வழியும் கழிவுநீர், நிலையத்தின் கடைசிக் குழாயில் எடுக்கும் எந்த மாதிரியிலும் தெரியாது. எண்ணெய்க் கொழுப்பு உறைந்து, அதில் ஈரத்துடைப்புத் தாள்கள் பின்னிக்கொண்டு கயிறு போல் முறுக்கேறிப் பம்பின் சக்கரத்தை நிறுத்திவிடும். வழிந்த இடம், நேரம், ஏறத்தாழ எவ்வளவு லிட்டர், எதனால், எப்போது நின்றது என்று பதிவு செய்வதும், மக்களுக்கோ ஆற்றுக்கோ ஆபத்து என்றால் உடனே கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிப்பதும் நிலையத்தின் கடமை. அமெரிக்க உரிமங்களில் இதற்கு 24 மணி நேரம் கெடு.

அடைப்பை எடுக்க யாரையும் குழிக்குள் இறக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அழுகிய கழிவுநீரிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும். செறிவு ஏறியதும் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணுபவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. வாயு அளவி, காற்று ஊதும் கருவி, இடுப்புக் கயிறு, மேலே நிற்கும் ஆள் ஆகியவை கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வேலையை நிறுத்துவதுதான் மேற்பார்வையாளரின் பொறுப்பு. ஒரு நிலையத்தை நான் எடைபோடும்போது பி.ஓ.டி.க்கு முன்னால் இதைக் கேட்பேன்.

ஜூன் 23

கேள்வி கேட்டவர், நிலையத்தினர் பதிவேடுகளைக் காட்டச் சம்மதித்திருப்பதாகவும் எதை எதைக் கேட்பது என்றும் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. சண்டைக்குப் போவதுபோல் போக வேண்டாம். அந்த நிலையத்தின் நிலைமையைச் சரியாக அறிந்தவர் மாலை ஷிப்ட் ஆபரேட்டராகவே இருப்பார், அவர் பேச விரும்பும்படி நடந்துகொள்ளுங்கள்.

வரம்புகள் எழுதிய ஆணையின் நகலை முதலில் பெறுங்கள். கடந்த ஓராண்டின் ஒவ்வொரு மாதிரிக்கும் எடுத்த நேரத்தையும், தனி மாதிரியா கலப்பு மாதிரியா என்பதையும் கேளுங்கள். அதே ஆண்டில் வெளியேறிய கசடின் எடைச்சீட்டுகளைக் கூட்டி, 12ஆம் தேதி எழுதிய கணக்கோடு, 13ஆம் தேதி சொன்ன தளர்வுகளையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கண்ணாடி உருளையின் அரைமணி அளவுகள் தினமும் எழுதப்பட்டிருந்தால், நீங்கள் வாய்க்காலில் துகள்களைப் பார்த்த தேதிகளோடு அவற்றைப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் பார்த்த தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றிலிருந்து தொடங்குங்கள். நேரம் குறித்த புகைப்படமும் பயன்படும்.

நானே மாதிரி எடுத்துச் சோதிக்கக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: கொடுக்கலாம், ஆனால் சட்ட நடவடிக்கைக்கு அது பொதுவாக ஏற்கப்படாது, அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரியே வேண்டும். உங்கள் சோதனையின் பயன் வேறு. சுத்தமான குப்பியை விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்த்து, மாலை ஆறு மணி நீரில் கரையாத துகள்கள் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சோதனைக்கு ஐந்து நாள் தேவையில்லை, மறுநாளே விடை வரும். விடை காலை மாதிரியைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தால், மாலையிலும் அதிகாரிகள் மாதிரி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கேட்பதற்கு அந்த ஒரு தாள் போதும்.